வயதறிந்து நூல் தருவோம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்தவள் ஆதலால், நான் புறநானூற்றைப் பற்றிப் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். புறநானூற்றில்தான் தொடங்கப் போகிறேன். ஆனால் என் பேச்சு குழந்தைகளைப் பற்றியது. அவர்கள் கையில் நாம் கொடுக்கும் நூல்களைப் பற்றியது.

நாம் கூடியிருக்கும் கண்டாச்சிபுரம், பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூருக்கு அண்மையில் உள்ள ஊர். மலையமான் திருமுடிக்காரியின் புகழ் பரவிய நாடு இது. அம்மலையமான் மரபினர் ஒருவனுடைய பிள்ளைகளை யானைக் காலில் இடச் செய்தான் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன். அப்போது கோவூர் கிழார் என்னும் புலவர் அவன் முன்னின்று பாடி, அச்சிறார்களை உயிர் பிழைக்கச் செய்தார். புறநானூற்றின் 46ஆம் பாடல் அது. புறாவுக்காகத் தன்னை ஈந்த மரபில் வந்தவன் நீ என்று மன்னனுக்கு நினைவூட்டுகிறார். புலவர்க்குப் பகுத்துக் கொடுத்து உண்ட குடியில் பிறந்தவர்கள் இவர்கள் என்கிறார். அதன் பிறகு அவர் சொல்வதுதான் என்னை எப்போதும் நிறுத்தி வைக்கும் இடம். அழுது கொண்டிருந்த அப்பிள்ளைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்து விட்டார்களாம். தங்களைக் கொல்ல வந்த யானை என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களை மருட்டியது, சுற்றி நின்ற அறிமுகமில்லாக் கூட்டம்தான்.

பெரியவர்கள் அனைவரும் கொலைக் களத்தைக் கண்டார்கள். குழந்தைகள் யானையைக் கண்டார்கள். குழந்தை எதைக் காண்கிறது என்று கண்டறிந்த ஒரே மனிதர் அந்தப் புலவர். குழந்தைக்கு எழுதுகிறவர்க்கும், நூல் தேர்ந்து கொடுக்கிறவர்க்கும் வேண்டிய முதல் தகுதி இதுவே என்பது என் துணிபு. நாம் காண்பதை அது காணவேண்டும் என்று வற்புறுத்தும் போது, நல்ல நூலும் அதற்கு அச்சமூட்டும் கூட்டமாகி விடுகிறது.

இதை நான் நூலகத்தில் கற்கவில்லை. என் வீட்டில் தோற்றுக் கற்றேன்.

ஒரு தாயின் தோல்வி

எனக்கு ஒரே மகன். இப்போது கல்லூரியில் படிக்கிறான். அவனை ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்தோம். தமிழை நான் வீட்டிலேயே கற்பித்து விடுவேன் என்னும் நம்பிக்கை. தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள் அல்லவா! வாரந்தோறும் பத்துக் குறட்பாக்களை மனப்பாடம் செய்யச் சொன்னேன். ஏழாம் வயதில் நீதி நூல்களை வரிசையாகக் கையில் கொடுத்தேன். விருந்தினர் வந்தால் அவனை அழைத்து ஒப்பிக்கச் செய்வேன். அவனும் ஒப்பித்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவனுக்கு ஒன்பது வயதானபோது, ஒரு நாள் காலையில் செய்தித்தாளைக் கொடுத்துத் தலைப்புச் செய்தியைப் படிக்கச் சொன்னேன். அவன் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினான். மூன்றாம் சொல்லில் நின்றான். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு அழுதான். நூறு குறட்பாக்களைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு வரியைத் தானே படிக்கத் தெரியவில்லை. அதைவிட என்னைச் சுட்டது, “தமிழ் வேண்டாம் அம்மா” என்று அவன் சொன்ன சொல். அன்று கல்லூரிக்குச் சென்று இலக்கிய வகுப்பு எடுத்தபோது என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையை அவன் என் தாயார் ஊரில் கழித்தான். என் தாயார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்தின் மீது விரலை வைத்து மெதுவாகத்தான் படிப்பார். நான் சிறுமியாக இருந்தபோது வாங்கிய வாண்டுமாமாவின் கதைப் புத்தகம் ஒன்று பெட்டியில் கிடந்தது. இரவில் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பேரனுக்குப் படித்துக் காட்டினார். கதை விறுவிறுப்பான இடத்திற்கு வந்தது. பாட்டியின் விரலோ நத்தை போல ஊர்ந்தது. “அப்புறம்? அப்புறம்?” என்று கேட்டுப் பார்த்த பிள்ளை, பொறுக்க மாட்டாமல் பாட்டியின் விரலுக்கு முன்னால் தன் விரலை வைத்துப் படிக்கத் தொடங்கி விட்டான். நான்காம் நாள் புத்தகம் அவன் கையில் இருந்தது. பாட்டி கேட்டுக் கொண்டிருந்தார். முனைவர் பட்டத்தால் ஆகாதது, மெதுவாக ஊர்ந்த ஒரு விரலால் ஆயிற்று.

நான் கொடுத்த நூல்கள் தாழ்ந்தவை அல்ல, உலகம் போற்றுபவை. ஆனால் காலம் அறியாமல் கொடுத்தேன். உரிய வயதுக்கு முன் கொடுக்கப்பட்ட உயர்ந்த நூல், பிள்ளையை நூல்களிடமிருந்தே விரட்டி விடும். ஆகவே, எந்தப் பருவத்தில் எந்த நூல் என்று நம் தமிழ் எழுத்தாளர்களின் படைப்புகளைக் கொண்டு ஒரு சிறு நிரலை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதிலும் நம் நடுநாட்டையும் அண்டையிலுள்ள புதுவை, கடலூர், வந்தவாசிப் பகுதிகளையும் சேர்ந்தவர்களை முன்னிறுத்துவேன். வயது என்பது ஒரு குறிப்பு மட்டுமே. உங்கள் பிள்ளையை அறிந்தவர் நீங்கள்.

மூன்று முதல் ஐந்து வரை: செவியின் பருவம்

இப்பருவத்தில் குழந்தை படிப்பதில்லை, கேட்கிறது. எனவே நூல் உங்கள் கையில் இருக்க வேண்டும். பாட்டு அதன் செவியில் விழ வேண்டும். பொருள் முழுவதும் விளங்க வேண்டுவதில்லை. ஓசை போதும், தாளம் போதும், திரும்பத் திரும்ப வரும் சொல் போதும்.

இதற்கு முதல் நூல் அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’. 1922இல் இராயவரத்தில் பிறந்த அவர், 1944இல் 23 பாடல்களோடு அதனை வெளியிட்டார். வங்கிப் பணியில் இருந்து கொண்டே வாழ்நாள் முழுதும் குழந்தைகளுக்காக எழுதியவர். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவர். அவருடைய பாடல்களில் கடுஞ்சொல் வாராது. குழந்தை பேசும் சொல்லே பாட்டாகும். எளிமை என்பது எளிதில் வருவதன்று என்பதை எழுதிப் பார்த்தவர் அறிவர். அவருக்கு முன்னோடியான கவிமணியின் ‘குழந்தைச் செல்வம்’ அடுத்து வைக்கத் தக்கது.

இனி நம் அண்டையைப் பாருங்கள். பாரதியார் ‘பாப்பா பாட்டை’ எழுதியது 1908 முதல் 1918 வரை அவர் புதுவையில் வாழ்ந்த காலத்தில்தான். இங்கிருந்து விழுப்புரம் வழியாகப் பேருந்தில் சென்றுவரும் ஊர் அது! பாவேந்தர் பாரதிதாசனின் ‘இளைஞர் இலக்கியம்’, வாணிதாசனின் ‘குழந்தை இலக்கியம்’, புதுவையில் பேராசிரியராக விளங்கி 2018இல் மறைந்த ம.இலெ. தங்கப்பாவின் ‘எங்கள் வீட்டுச் சேய்கள்’ ஆகியனவும் அம்மண்ணில் விளைந்தவையே. தங்கப்பாவின் ‘சோளக்கொல்லைப் பொம்மை’ 2011ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருதினைப் பெற்றது. பாவேந்தர், வாணிதாசன், தங்கப்பா ஆகிய மூவரும் ஆசிரியப் பணி செய்தவர்கள் என்பது கருதத்தக்கது. எந்தச் சொல்லில் பிள்ளை சிரிக்கும், எந்தச் சொல்லில் கொட்டாவி விடும் என்பதை வகுப்பறையில் கண்டவர்கள் அவர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். உங்கள் குரல் இனிமையாக இல்லையே என்று தயங்காதீர்கள். குழந்தை இசையைக் கேட்பதில்லை, உங்களைக் கேட்கிறது. நாளுக்கு ஒரு பாட்டு, அதுவும் அது கேட்டால் மறுபடியும் அதே பாட்டு, இவ்வளவே போதும்.

ஆறு முதல் எட்டு வரை: விரலின் பருவம்

எழுத்துக் கூட்டத் தொடங்கும் பருவம் இது. ஒரு பக்கத்திற்கு இரண்டு அல்லது மூன்று வரிகள், பெரிய எழுத்து, பக்கம் நிறைந்த படம், ஒரே மூச்சில் முடிந்துவிடும் கதை ஆகியவை வேண்டும். பிள்ளை ஒரு நூலை முழுமையாகப் படித்து முடித்தேன் என்று சொல்லிக் கொள்ளும் இன்பத்தை இப்பருவத்தில் பெற வேண்டும். எட்டுப் பக்க நூலை முடித்த பிள்ளை பதினாறு பக்க நூலை அஞ்சாது.

தேசியப் புத்தக நிறுவனத்தின் நேரு பாலர் வரிசையில் வண்ணப் படங்களோடு வந்த நூல்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. தமிழக அரசின் பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் என்னைப் பெரிதும் கவர்ந்தவை. அவற்றை ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வகுப்பைக் கொண்டு பிரிக்காமல் பிள்ளையின் வாசிப்புத் திறனைக் கொண்டு பிரித்தது அறிவுடைய செயல். ஏழாம் வகுப்புப் பிள்ளை ‘நுழை’யில் தொடங்கினால் அதில் இழிவு ஒன்றும் இல்லை. என் மகன் ஒன்பது வயதில் அங்குதான் நின்றான்.

வந்தவாசியில் வாழும் மு. முருகேஷின் ‘அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை’ 2021ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய விருது பெற்ற நூல். தலைப்பைப் பாருங்கள்: கதை சொல்பவள் மகள், கேட்பவள் தாய்! என் வீட்டுத் திண்ணையில் நடந்ததும் ஏறத்தாழ அதுதான். விழியனின் ‘பென்சில்களின் அட்டகாசம்’, பிள்ளையின் பெட்டியில் கிடக்கும் பென்சில்களையே கதை மாந்தராக்குவது. தானே படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இத்தகைய வேடிக்கை இனிய துணை.

இப்பருவத்தில் நாம் செய்யும் பெரும் பிழை ஒன்று உண்டு. படித்து முடித்ததும், “இக்கதையால் நீ அறிந்த நீதி யாது?” என்று கேட்கிறோம். கதை அங்கேயே செத்து விடுகிறது. “உனக்கு யாரைப் பிடித்தது?” என்று கேளுங்கள்.

ஒன்பது முதல் பதினொன்று வரை: பசியின் பருவம்

பிள்ளை வாசகனாவதும் ஆகாமற் போவதும் பெரும்பாலும் இம்மூன்றாண்டுகளில் முடிவாகி விடுகிறது. இப்பருவத்திற்கு வேண்டியது தரத்தினும் முதலில் அளவு. துப்பறியும் கதை, மாயக் கதை, விலங்குக் கதை, படக்கதை எதுவாயினும் தடுக்காதீர்கள். பசித்த பிள்ளையிடம் சத்துணவைப் பற்றி உரையாற்றுவார் உண்டோ?

வாண்டுமாமா என்ற பெயரில் எழுதிய வி. கிருஷ்ணமூர்த்தி, 1925இல் அரிமளத்தில் பிறந்து 2014இல் மறைந்தார். என் தலைமுறையில் எண்ணற்றோர் வாசகரானது அவரால்தான். வள்ளியப்பாவின் ‘நல்ல நண்பர்கள்’, ‘நீலா மாலா’ ஆகிய கதைகளும், தென்னாட்டு ஆறுகளை அறிமுகம் செய்யும் ‘நம் நதிகள்’ என்னும் நூலும் இப்பருவத்திற்கு ஏற்றவை. பெ. தூரனின் கதைகளும், அறிவியலைக் கதையாக்கிய கல்வி கோபாலகிருஷ்ணனின் ‘பண்டை உலகில் பறக்கும் பாப்பா’வும் தேடிப் பெறத் தக்கவை. இராசபாளையத்துக் கொ.மா. கோதண்டத்தின் ‘காட்டுக்குள்ளே இசைவிழா’, மா. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’ ஆகிய இரண்டும் பால சாகித்திய விருது பெற்றவை. பின்னது 2010இல் அவ்விருது தொடங்கியபோது தமிழுக்குக் கிடைத்த முதல் விருது.

கடலூரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் ஆயிஷா இரா. நடராசன். அவருடைய ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ 2014ஆம் ஆண்டுக்கான விருது பெற்றது. வேதாளம் கேட்கும் புதிர் என்னும் நம் பழைய கதை வடிவத்தில் அறிவியலை ஏற்றிய நூல் அது. “எனக்குக் கதை பிடிக்காது, கணக்கும் அறிவியலும்தான் பிடிக்கும்” என்று சொல்லும் பிள்ளைக்கு இதனைக் கொடுத்துப் பாருங்கள்.

இதழ்களைப் பற்றியும் ஒரு சொல். நான் சிறுமியாக இருந்தபோது கிளை நூலகத்தில் ‘அம்புலிமாமா’வுக்கும் ‘கோகுல’த்திற்கும் வரிசையில் நிற்போம். 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ நின்றுவிட்டது, ‘கோகுல’மும் நின்றுவிட்டது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் தொடங்கிய ‘துளிர்’, பள்ளிக் கல்வித் துறை 2022இல் அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ ஆகியவை அவ்விடத்தை ஓரளவு நிரப்ப முயன்றவை. மாதம் ஒருமுறை தன் பெயருக்கு ஏதோ ஒன்று வருகிறது என்னும் மகிழ்ச்சி பிள்ளைக்குப் பெரிது. அதனை மீட்டுக் கொடுக்க நாம் அனைவரும் முயல வேண்டும்.

நூலைத் திறக்கவே மறுக்கும் பிள்ளைக்கு நாடகம் ஒரு வாயில். புதுவையில் வாழும் வேலு சரவணன், பள்ளி பள்ளியாகச் சென்று பிள்ளைகள் நடுவே நாடகம் நிகழ்த்திவரும் கலைஞர். 2017ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய விருது அவருடைய ஒட்டுமொத்தப் பங்களிப்புக்காக வழங்கப்பட்டது. தெருக்கூத்து வேரூன்றிய நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இவ்வழி புதியதன்று.

பன்னிரண்டு முதல் பதினைந்து வரை: வினாவின் பருவம்

குழந்தையும் அல்லாத, இளைஞரும் அல்லாத இப்பருவத்தினர்க்கு நம்மிடம் நூல்கள் குறைவு. குழந்தைப் பாடலைக் கொடுத்தால் நகைப்பார்கள். பெருநாவலைக் கொடுத்தால் பாதியில் வைத்து விடுவார்கள். இவர்கள் மனத்தில் எழும் வினாக்களுக்கு முகம் கொடுக்கும் நூல்களே இவர்களுக்குரியவை.

கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ முதலில் நிற்கட்டும். பறவை முட்டைகளைத் தேடித் திரியும் ஒரு சிறுவனின் உலகம் அது. 1989இல் புதுவைக்கு வந்து 2021இல் அங்கேயே மறைந்த கி.ரா.வை நாம் பாதி நம்மவர் என்று உரிமை கொண்டாடலாம். கரிசல் காட்டுப் பிள்ளையின் பேச்சு மொழி நம் பிள்ளைகளுக்குச் சற்றே புதிதாக இருக்கும். அதுவே அதன் சுவை.

இரா. நடராசனின் ‘ஆயிஷா’வைக் கொடுக்கும்போது நீங்கள் அருகில் இருங்கள். வினாக் கேட்ட ஒரு மாணவி அடிபட்டு மாய்ந்து போகும் கதை அது. படித்த பிள்ளை அழும், சினமும் கொள்ளும். அதைத் தவிர்க்க வேண்டுவதில்லை. ஆனால் அந்த இரவில் பேசுவதற்கு ஒருவர் வேண்டும். என்னைக் கேட்டால், அதனை முதலில் ஆசிரியர்களாகிய நாங்கள் படிக்க வேண்டும் என்பேன். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய விருது பெற்றது. குழந்தைகள் மீது நிகழும் பாலியல் தீங்கைப் பிள்ளைகளுக்கே புரியும்படி, அஞ்சாமல் பேசுவது. வீட்டில் நாம் நாணிப் பேசாமல் விடுவதை ஒரு மரப்பாச்சிப் பொம்மை பேசுகிறது. இதனைப் பத்து, பதினொரு வயதிலேயே தாயும் பிள்ளையும் சேர்ந்து படிப்பது நன்று.

கீழடியைக் களமாகக் கொண்ட உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023ஆம் ஆண்டிலும், யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ 2024ஆம் ஆண்டிலும், விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ 2025ஆம் ஆண்டிலும் அதே விருதினைப் பெற்றன. இவ்வரிசை எனக்கு நம்பிக்கையளிக்கிறது.

தேடிப் படிக்கும் பிள்ளைக்கு, பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வெளியிட்ட ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ இருக்கிறது. செய்திகள் பழையன என்றாலும், எந்தப் பொருளையும் தமிழில் தெளிவாகச் சொல்ல முடியும் என்பதற்கு அது சான்று. பதினைந்தை எட்டியவர்க்கு மு. வரதராசனாரின் ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’ ஆகிய கடித நூல்களும், கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ம், உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தின் இளமைக் காலப் பகுதிகளும் பெரிய இலக்கியத்திற்குள் நுழையும் வாயில்கள். திருக்குறளும் இப்போது வரட்டும். என் மகன் பதினான்காம் வயதில் தானாகவே குறளை எடுத்தான். முன்பு மனப்பாடம் செய்த ஒரு குறளைச் சுட்டி, “இதற்கு இதுவா பொருள்?” என்று வியந்தான். அன்றுதான் அவன் முதன் முதலாகத் திருக்குறளைப் படித்தான் என்று சொல்வேன்.

தேர்ந்தெடுக்கும் போது

நிரல்கள் பழையனவாகும்; புதிய நூல்கள் வரும். ஆகவே நீங்களே தேர்ந்தெடுக்கச் சில அளவுகோல்களைச் சொல்கிறேன். முதலாவது, நூலின் நடுப்பக்கம் ஒன்றைப் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தடுமாறினால் அந்நூல் சில திங்கள் காத்திருக்கட்டும். இரண்டாவது, முடிவில் நீதி ஒட்டவைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கதைக்குள் கரையாத நீதி மருந்து போல் கசக்கும். மூன்றாவது, படங்களைப் பாருங்கள். பெண் பிள்ளை எப்போதும் அடுப்படியிலும் ஆண் பிள்ளை எப்போதும் மரத்தின் மேலும் இருக்கிறார்களா? கறுத்த நிறம், பருத்த உடல், உடற்குறை, பிறந்த குலம் இவற்றைக் காட்டிச் சிரிக்க வைக்கிறார்களா? நாம் போற்றும் பழைய நூல்கள் சிலவற்றிலும் இக்குறை உண்டு. அவற்றைத் தூக்கி எறிய வேண்டுவதில்லை. பிள்ளையோடு பேசிப் படியுங்கள். நான்காவது, நீங்கள் முதலில் படியுங்கள். உங்களுக்குச் சலிப்பூட்டும் நூல் பிள்ளைக்கும் சலிக்கும்.

நம் பிள்ளை நூலில் இருக்கிறதா?

இறுதியாக, என் மனத்தை உறுத்தும் ஒன்று. பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டியபோது ‘நிலக்கடலை’ என்ற சொல் வந்தது. ஒரு சிறுமி எழுந்து, “அப்படின்னா மல்லாட்டைதானே டீச்சர்?” என்று கேட்டாள். ஆம் என்றேன். “அப்புறம் ஏன் மல்லாட்டைன்னு போடல?” என்றாள். என்னிடம் விடை இல்லை.

அவள் தாய் மல்லாட்டை பறிக்கச் செல்பவள். அவள் உடைத்ததும் உண்டதும் விற்றதும் மல்லாட்டை. நூலில் மட்டும் அதற்கு வேறு பெயர். பொதுத்தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அதனைக் கற்பிப்பதே என் தொழில். ஆனால் தன் வீட்டுச் சொல் ஒருமுறையேனும் அச்சில் ஏறக் கண்ட பிள்ளை, நூல் என்பது எங்கோ உள்ளவர்களுடையது அன்று, தன்னுடையதும்தான் என்று அறிகிறது. பெண்ணையாற்றின் மணலும், ஏரிக்கரைப் பனையும், விடிய விடிய நடக்கும் கூத்தும், நம் ஊர்ப் பாறைக் குன்றுகளும் குழந்தை நூல்களில் எத்தனை இடங்களில் வந்துள்ளன? கி.ரா. கரிசலுக்குச் செய்ததை நடுநாட்டுக் குழந்தைகளுக்காக யார் செய்யப் போகிறார்கள்? பாடியும் எழுதியும் பத்தாண்டுகள் பயின்ற இவ்வட்டத்தில் அமர்ந்திருப்போர் செய்யாமல் வேறு யார் செய்வார்?

எனவே இவ்வட்டத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, பதினோராம் ஆண்டின் முதற்பணியாக, நான்கு பருவங்களுக்கும் பருவத்திற்குப் பத்து நூல்கள் வீதம் நாற்பது நூல்கள் கொண்ட ஓர் அலமாரியை இவ்வூரில் அமைப்போம். பூட்டு வேண்டாம். நூல் கிழிந்தால் கிழியட்டும். கிழியாத குழந்தை நூல் படிக்கப்படாத நூல். முதற்பருவத்திற்குரிய பத்து நூல்களை நான் வாங்கித் தருகிறேன். இரண்டாவது, உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு கதையை, தாம் அறிந்த ஒரு குழந்தைக்காக எழுதுங்கள். எழுதியதை எங்களிடம் காட்டுவதற்கு முன் அந்தக் குழந்தையிடம் படித்துக் காட்டுங்கள். அது “அப்புறம்?” என்று கேட்டால் அதனை அச்சிடுவோம்.

கோவூர் கிழார் ஒரு பாட்டால் இம்மண்ணின் பிள்ளைகளை யானைக் காலிலிருந்து மீட்டார். நம்மிடம் அத்துணைப் பெரும்பணியை யாரும் கேட்கவில்லை. அழுகையை மறந்து அவர்கள் வியந்து பார்க்க ஒரு யானையைக் காட்டினால் போதும். அந்த யானை நூலுக்குள் இருக்கட்டும்.